முதல் கேள்விக்கு ‘இல்லை’

அந்தப் படிவத்தில் ஏழு கேள்விகள். முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதுக்கு ‘ஆம்’, மிச்சம் ஐந்துக்கும் ‘இல்லை’. பத்து வருஷமாக நான் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

திருவண்ணாமலையில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு பசைக் கிண்ணம். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கும் புதுப்பிக்க வருகிறவர்களுக்கும் எழுதிக் கொடுப்பது தொழில். உடம்பைப் பற்றிய கேள்விகள் உள்ள தாளை யாருக்கும் படித்துக் காட்டியதே கிடையாது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ வருவதற்குள் இருபது தாளுக்கு டிக் அடித்து அடுக்கிவிடுவேன். பெயர், அப்பா பெயர், ஊர் இதெல்லாம் ஆள் வந்த பிறகு. இதில் என்ன தப்பு என்று எவனாவது கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். கண் தெரியாதவன் லாரி ஓட்ட வருவானா? கை இல்லாதவன் வருவானா? வந்தவன் கையும் காலுமாக எதிரில் நிற்கிறான், இதில் கேள்வி வேறு ஒரு கேடா என்பது என் கட்சி.

இரண்டாவது கேள்வி மட்டும், இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து வண்டி நம்பரைப் படிக்க முடியுமா என்பது. அதற்கும் சேர்த்து ‘இல்லை’ போட்டால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் முதல் நாளே அங்கேதான் சறுக்குவான். நானும் சறுக்கியிருக்கிறேன்.

முதல் கேள்வி என்ன என்று எனக்கே ஞாபகம் இருந்ததில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசியில் வேதா வந்து கேட்கிற வரைக்கும்.

வேதா எனக்குப் பக்கத்து வீடு. கீழ்பென்னாத்தூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். நான் ஒண்டிக்கட்டை என்பதால் வாரத்தில் நாலு நாள் அவள் வீட்டுக் குழம்புதான் எனக்கும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நானே போய் நிற்பேன், கூச்சமெல்லாம் பார்ப்பதில்லை. அவள் புருஷன் ராஜமாணிக்கம் வேன் ஓட்டினான். ஒரே பெண், ஆர்த்தி, ஒன்பதாவது படித்தாள்.

வேன் உரக்கடை காசியுடையது. காலையில் கீழ்பென்னாத்தூரிலும் சுற்று ஊர்களிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலையில் ஒரு இங்கிலீஷ் ஸ்கூலில் விடவேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். நடுவில் கல்யாணச் சாமான், மூட்டை எதுவானாலும் ஏறும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகிற சனங்கள். ஆர்த்தி படித்தது கவர்ன்மென்ட் பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்றாலும் அப்பா வண்டியிலேயே முன்சீட்டில் போய் இறங்குவாள். சும்மாவும் போகமாட்டாள். குட்டிப் பிள்ளைகளை ஏற்றுவது, மூக்கைத் துடைப்பது, பையை வாங்கி வைப்பது எல்லாம் அவள்தான்.

மாணிக்கம் நல்ல டிரைவர். இதை நான் அவனுக்காகச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டான். அறுப்புக் காலத்தில் சனங்கள் ரோட்டிலேயே மல்லாட்டையை, நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், கொட்டிக் காயவைத்திருப்பார்கள். மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே மேலே ஏற்றிக்கொண்டு போவார்கள். இவன் இறங்கி, குவியலைத் தள்ளச் சொல்லி, ஒதுங்கிப் போவான்.

அந்த ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாடு. பம்பைக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு அடித்தார்கள். மாணிக்கம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவன், கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை.

எவனுக்கோ தோன்றியது, அம்மா வந்துட்டா என்றான். அவ்வளவுதான், பம்பை இரண்டு பங்கு வேகம் பிடித்தது. எங்கள் தெரு சந்திரம்மாள் கற்பூரத்தைக் கொளுத்தி அவன் முகத்துக்கு நேரே காட்டி, மழை எப்போது வரும், ஊருக்கு என்ன குறை என்று கேட்டாள். அவள் பேரன் பாலாஜியும் அந்த வேனில்தான் போகிறான். மாணிக்கத்திடமிருந்து பதில் வரவில்லை. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கி, திருதிருவென்று விழித்தான். அம்மா மலையேறிட்டா என்று எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே அவன் வேட்டி நனைந்திருந்தது. வேதா ஓடிவந்து துண்டைப் போட்டு மூடினாள். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வேனுக்கு வந்த மவுசே வேறு. பக்கத்து ஊரில் இன்னொரு வேனில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூட மாற்றி இவனிடம் அனுப்பினார்கள். அம்மா இருக்கிற வண்டி, புள்ளைங்களுக்கு ஒரு குறையும் வராது என்று சந்திரம்மாள் வீடு வீடாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வண்டி முகப்பில் கட்டுவாள். மாணிக்கமும் மாறிப்போனான். சாயங்காலமானால் கொஞ்சம் போட்டுக்கொள்கிற ஆள், சுத்தமாக விட்டுவிட்டான். பீடியையும் விட்டான். மஞ்சள் துண்டு, நெற்றி நிறைய குங்குமம். நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வருகிற டிரைவர்களிடம் எல்லாம் அவனைக் காட்டிப் பேசியிருக்கிறேன், ஆள் என்றால் இப்படி இருக்கணும் என்று.

ஐப்பசியில் அவன் லைசென்ஸ் முடிகிற நேரம். பொதுமக்களை ஏற்றுகிற வண்டிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். கார்த்திகையில் தீபம் வருகிறது, அந்தப் பத்து நாள் ஓட்டம்தான் வேன்காரர்களுக்கு வருஷத்தின் பெரிய ஓட்டம். அதற்கு முன்னால் முடித்தாகவேண்டும் என்று காசி ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அன்றைக்கு அடுக்கி வைத்திருந்ததில் ஒரு தாளை உருவி, பெயரை எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வேதா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மல்லாட்டை பிடுங்குகிற நேரம் அது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் திருவண்ணாமலைக்கு வருகிற ஆள் இல்லை. நகக்கண்ணெல்லாம் செம்மண். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ண்ணா, அவரு ஃபாரத்துல ஒடம்பப் பத்திக் கேள்வி இருக்குதாமே. எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

யார் சொன்னது என்று கேட்டேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை வெளியே காட்டாமல் அவன் தாளைத் தேடி எடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததைப் பத்து வருஷத்தில் முதல் முறையாக நிறுத்தி, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னேன். வலிப்பு நோயோ, எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உமக்கு உண்டா?

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் விடிகிற நேரம் நடந்ததைச் சொன்னாள். பல் விளக்கிவிட்டுக் காப்பிக்காக வந்து குந்தியிருக்கிறான். பம்பையும் இல்லை, உடுக்கையும் இல்லை, கோயிலும் இல்லை. அப்படியே சாய்ந்து, ஆடியில் இழுத்த மாதிரியே இழுத்திருக்கிறது. கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்று சொல்வார்களே, அதற்காக இவள் இரும்புக் கரண்டியை அவன் கையில் திணித்திருக்கிறாள். அந்தக் கரண்டியாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். புருவத்துக்கு மேலே இருந்த காயத்துக்கு, நிலைப்படியில் இடித்துக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். எழுந்ததும், அம்மா வந்தாளா என்று கேட்டானாம். இவளும் ஆமாம் என்றாளாம்.

பிறகு அவனைக் கெஞ்சிக் கூத்தாடி, நெற்றிக் காயத்துக்குக் கட்டுப்போட என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, இது வலிப்பு, மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது, லைசென்ஸிலேயே இதைக் கேட்பார்களே, சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டான். பதின்மூன்றாம் நாள் ஸ்டியரிங்கிலேயே கண் அசந்துவிட்டது. ஆர்த்திதான் தொடையில் கிள்ளி எழுப்பியிருக்கிறாள். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

“மாத்திர போட்டா தூக்கம் வருதுன்றாரு. போடலன்னா அது வருது. நான் இன்னாண்ணா பண்ணுவேன்?”

வேலை இருக்கிறவன் மாதிரி தாளை மடித்தேன், பிரித்தேன்.

“இதுல இன்னா போட்டிருக்கீங்க?”

“இல்லன்னு.”

“அவரைக் கேட்டீங்களா?”

“யாரையும் கேக்கறதில்லம்மா.”

“ஆமான்னு போட்டா?”

“லைசென்ஸ் வராது.”

அவள் மனசில் என்னென்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டி போனால் சோறு போச்சு. சொத்து என்று இருப்பது அரைக்காணி மானாவாரி. அதைவிட, வலிப்புக்காரன் குடும்பம் என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால் ஆர்த்தியை எவன் கட்டுவான்? அதை மாற்றி எழுது என்று அவள் வாயால் சொல்ல முடியாது. மாற்றாதே என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள், பெரிய மனுஷன் நீயாவது சொல் என்று. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன். தான் வந்ததாக அவரிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் மாணிக்கம் அவித்த மல்லாட்டையை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரத் தோலை உரித்துப் போட்டபடி, டாக்டரிடம் எத்தனை மணிக்குப் போகணும், என்ன சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று என்னென்னவோ பேசினான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், உடம்பு எப்படி மாணிக்கம் என்று கேட்டுவிட்டேன். அவன் கை நின்றது.

“ஃபாரத்துல சாமி வருதான்னு கேட்டிருக்குதாண்ணா?”

“இல்ல.”

“நோயிதான கேட்டிருக்குது.”

“ஆமா.”

“அப்பறம் இன்னா. சாமி வர்றது நோயா?”

அவன் மல்லாட்டையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டான். குரல் அடங்கிப்போயிருந்தது.

“வேதா இன்னா நெனைக்கிறான்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதும் தெரியும். அது சாமி இல்லன்னு ஆயிடுச்சுன்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன்? பதினேழு வயசுலேர்ந்து ஸ்டியரிங் புடிக்கிறேன். ஏர் புடிக்கக்கூட எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க, அது சாமிதான?”

நாற்பத்திரண்டு வயசு ஆம்பளை, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமிதான் மாணிக்கம் என்றேன். வேறு என்ன சொல்வது? இன்றைக்கு எழுதும்போது எத்தனையோ சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

டாக்டர் என்று நான் சொல்வது, எங்கள் படிவங்களுக்குக் கையெழுத்துப் போடுகிற ஒருவர். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். கட்டாகக் கொண்டுபோனால் கட்டாகப் போட்டுக் கொடுப்பார். அன்றைக்கு என்னவோ நேரில் வந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்தாரா, குங்குமத்தைப் பார்த்தாரா, தெரியாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார்.

மாணிக்கம் தரையைப் பார்த்தான். அவன் வாய் திறக்கிற மாதிரி இருந்தது. என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஒண்ணும் இல்ல சார். நம்ம பக்கத்து வீடுதான், எனக்குத் தெரியும்.”

கையெழுத்து விழுந்தது. பத்து நாளில் லைசென்ஸும் வந்தது. மாணிக்கம் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிவந்து எனக்கும் ஒரு பங்கு கொடுத்தான். வேதா பொட்டலத்தை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். முகம் செத்துக் கிடந்தது. சந்தோஷமா வேதா என்று அவன் கேட்டதற்கு, இருக்காதா பின்னே என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் பஸ்ஸுக்குப் போனால், ஸ்டாப்பில் ஆர்த்தி பையோடு நிற்கிறாள், பக்கத்தில் வேதா. ஒன்பதாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டார்கள், வேனுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று வேதா நான் கேட்காமலே சொன்னாள். சரி என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் நின்றார்கள். புதன்கிழமை நல்ல மழை. கழனிக்காரர் ஏழு மணிக்கெல்லாம் ஆள் எண்ணிவிடுவார், தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அதையும் விட்டுவிட்டு வேதா ஒரு குடையில் மகளை அணைத்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு முன்னாலேயே வேன் போயிற்று. பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி, ஆர்த்தி அக்கா, ஆர்த்தி அக்கா என்று கத்தின. முன்சீட்டு காலியாக இருந்தது. ஆர்த்தி தலையைத் தூக்கவில்லை.

பத்து நாள் இப்படிப் போனதும் சந்திரம்மாளுக்கே பொறுக்கவில்லை. என்னை மடக்கி, அப்பன் வண்டி இருக்கும்போது பெத்த பெண் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவானேன், வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டாள். வயசுக்கு வந்த பெண், ஆயிரம் இருக்கும் என்று எதையோ சொல்லித் தப்பித்தேன்.

மாணிக்கமும் எத்தனை நாளைக்குத்தான் நம்புவான்? ஸ்பெஷல் கிளாஸ் சாயங்காலமுமா என்று என்னிடம் ஒரு முறை கேட்டான். மகளிடம் கேட்டிருக்கிறான், அம்மாதான் சொல்லுது என்று அவள் அழுதிருக்கிறாள். அன்று சாயங்காலம் விளக்கு வைத்த நேரம், நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஏன் அவளை என் வண்டியில் ஏற்றமாட்டேன் என்கிறாய் என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு வேதாவின் குரல்.

“அவளையாவது விட்டுடுங்க.”

தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் உலை பொங்கி அடுப்பை அணைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அவளையாவது என்றால் மற்ற பிள்ளைகள்? வேதாவைத்தான் முதலில் நினைத்தேன், இவ்வளவு நெஞ்சழுத்தக்காரியா என்று. அப்புறம்தான் என் புத்தியில் உறைத்தது. அவள் தன் பெண்ணையாவது இறக்கிவிட்டாள். நான் டாக்டரிடம் முந்திக்கொண்டு பேசினவன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. தீபத்துக்குக் கொடி ஏற இன்னும் நாலைந்து நாள் இருந்தது. லேசான தூறல், ரோடெல்லாம் சேறு. நான், வேதா, ஆர்த்தி மூன்று பேரும் ஸ்டாப்பில் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சந்திரம்மாளும் பேரனைக் கொண்டுவந்து விட நின்றிருந்தாள். வேன் வந்து பாலாஜியை ஏற்றிக்கொண்டது. வழக்கமாக உடனே கிளம்பிவிடும், அன்றைக்குக் கிளம்பவில்லை. மாணிக்கம் ஜன்னல் வழியாக வேதாவைப் பார்த்தான்.

“அவளை ஏத்தி வுடு வேதா.”

வேதா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே பிள்ளைகள் ஏறுக்கா, ஏறுக்கா என்று கூச்சல் போட்டன. எல்.கே.ஜி. படிக்கிற இனியா முன்சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

“நீ அவளை ஏத்தி வுட்டின்னா ஓட்டறேன்” என்றான் மாணிக்கம். கோபமே இல்லை. “நீ சொல்றதுதான். ஏத்தி வுடு, போயிகினே இருக்கேன்.”

ஆர்த்தி வலிக்குது ம்மா என்றாள். வேதா பிடியை விடவில்லை. வேனுக்குள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, முடியாதுங்க என்று அழுதுவிட்டாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். இஞ்சினை அணைத்தான். இறங்கிவந்து பின்கதவைத் திறந்து, எல்லாரும் எறங்குங்க, இன்னிக்கு பஸ்ல போலாம் என்றான். பிள்ளைகளுக்குக் குஷி, தொபுதொபுவென்று குதித்தார்கள். சந்திரம்மாள் ஒன்றும் புரியாமல், வண்டிக்கு என்ன கோளாறு தம்பி என்று கேட்டாள்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான். எனக்கு வலிப்பு இருக்குது.”

“இன்னா பேசற நீ. அம்மா வர்ற ஒடம்பு.”

“அம்மா இல்லக்கா. வலிப்பு.”

அந்த வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்திரம்மாள் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பாலாஜியை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். மூணு மாசமா இதுல அனுப்பியிருக்கேனே என்று முணுமுணுத்தாள். அதுவரைக்கும் நியாயம். அப்புறம் அவள் கண் ஆர்த்திமேல் போயிற்று.

“பொண்ணுக்கும் இருக்குமா?”

வேதா அழுகையை நிறுத்திவிட்டாள். கல் மாதிரி நின்றாள். ஆர்த்தி மட்டும் யாரையும் பார்க்காமல், இறங்கிய குட்டிகளை ரோட்டுக்குப் போகாமல் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. இத்தனை உருப்படியா என்று கண்டக்டர் சலித்துக்கொண்டார். மாணிக்கம் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி மேலே விட, ஆர்த்தி உள்ளே வாங்கி நிறுத்தினாள். பாலாஜியை அவன் பாட்டி விடவில்லை. அந்தப் பையன் போகணும் என்று அழுதுகொண்டே நின்றான். வேதா பஸ்ஸில் ஏறவில்லை, வேன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். காசி வந்தால் சொல்லிடு என்று மாணிக்கம் படியில் நின்றபடி அவளிடம் சொன்னான். என்ன சொல்லணும் என்று அவளும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு சீட் கிடைத்தது. இனியாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மாணிக்கம் எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைக் காலோடு அணைத்தபடி நின்றான். பஸ் ஏரிக்கரையைத் தாண்டியது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. என்னவாவது சொல்லவேண்டும் என்று, என்னை மன்னிச்சுடு மாணிக்கம் என்று ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று இழுத்தேன். அவன் குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

“டாக்டர்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களேண்ணா, அப்ப எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? அவ்ளோ சந்தோஷம். நெஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டேன்.”